தோட்டத்தில் பெருச்சாளி வளையா? விஷம் வேண்டாம்

வீட்டுத் தோட்டத்தில் கைமுட்டி அளவு வளையும், அதன் வாயில் குவிந்த புதுமண்ணும் தெரிந்தால் பெரும்பாலும் அது பெருச்சாளிதான். மாலையில் எல்லா வளைகளையும் மண்ணால் மூடுவோம். காலையில் எது திறந்திருக்கிறதோ, அதில்தான் அது குடியிருக்கிறது. அங்கே கருவாடோ சுட்ட தேங்காய்த் துண்டோ மாட்டிப் பெரிய எலிக்கூண்டு வைப்போம். பிடிபட்டதும் வளையை ஜல்லியும் மண்ணும் இட்டு இறுக்குவோம். சோற்று மிச்சம், கோழித்தீவனம் எதையும் இரவில் வெளியே விடக் கூடாது.

எலி பேஸ்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள மஞ்சள் பாஸ்பரஸ் கல்லீரலைக் கெடுக்கும். அதற்கு முறிமருந்து கிடையாது. பிள்ளைகள் தெரியாமல் வாயில் வைத்துவிட்டால், நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

எலியின் சிறுநீர் கலந்த ஈரமண்ணால் எலிக்காய்ச்சல் பரவும். காலில் புண் இருந்தால் செருப்பில்லாமல் தோட்டத்தில் இறங்க வேண்டாம். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் வந்தால், தோட்டத்தில் எலி இருப்பதையும் டாக்டரிடம் சொல்வோம்.