ஆறாத காயமும் அடுத்த தலைமுறையும்

(வேதபாடம்)

வாசிக்கவேண்டிய பகுதிகள்: ஆதி. 33:1-11, எண். 20:14-21, எசே. 18:1-4, தானி. 9:3-19



செய்தித்தாளைப் பிரித்தால் ஏதாவது ஒரு தேசத்தில் சண்டை. ஏன் சண்டை போடுகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் இன்றைய காரணத்தை அவர்கள் முதலில் சொல்லுவதில்லை. "அன்றைக்கு அவங்க எங்களுக்கு என்ன செஞ்சாங்க தெரியுமா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்த "அன்றைக்கு" என்பது ஐம்பது வருஷமாக இருக்கலாம், அறுநூறு வருஷமாகவும் இருக்கலாம். பாடு பட்டவனும் மண்ணுக்குள் போய்விட்டான், பாடு படுத்தினவனும் போய்விட்டான். அப்படியானால் அந்தக் கோபம் மட்டும் இன்றுவரை எப்படி நடந்து வந்தது? காயத்திற்குக் கால் இருக்கிறதா? இல்லை. யாரோ ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். தூக்குகிறவர் யார், எப்படித் தூக்குகிறார், அதை இறக்கிவைக்க வழி உண்டா என்பதையே இந்தப் பாடத்தில் தியானிக்கப்போகிறோம்.

1. தகப்பன்மார் சமாதானமானார்கள், பிள்ளைகள் விடவில்லை

ஏசாவுக்கும் யாக்கோபுக்கும் இருந்த பகை நமக்குத் தெரிந்ததே. ஏசாவின் மனவருத்தம் நியாயமானது. அவன் ஏமாற்றப்பட்டான். ஆனால் ஆதியாகமம் 33ம் அதிகாரத்தில் என்ன நடந்தது? ஏசா ஓடிவந்து தம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். தகப்பனாகிய ஈசாக்கு மரித்தபோது இருவரும் சேர்ந்தே அடக்கம்பண்ணினார்கள் (ஆதி. 35:29). பட்டவனும் செய்தவனும் தங்கள் காலத்திலேயே கணக்கை முடித்துக்கொண்டார்கள்.

பல தலைமுறைக்குப் பின்பு மோசே ஏதோமின் ராஜாவிடம் ஆள் அனுப்பி, சகோதரன் என்று முறை சொல்லி, ரோட்டு வழியே போக மாத்திரம் உத்தரவு கேட்கிறார். வயலில் கால் வைக்கமாட்டோம், கிணற்றில் தண்ணீர் எடுக்கமாட்டோம் என்கிறார். ஏதோம் பட்டயத்தோடு புறப்பட்டு வந்தான். எருசலேம் விழுந்த நாளில் ஏதோம் நின்று வேடிக்கை பார்த்ததையும், தப்பி ஓடினவர்களை வழியில் மறித்ததையும் ஒபதியா சொல்லுகிறார் (ஒப. 10-14). கோபத்தை எந்நாளும் வைத்துக் காத்ததுதான் ஏதோமின் பாவம் என்று ஆமோஸ் தீர்க்கதரிசி குறிப்பிடுகிறார் (ஆமோ. 1:11).

கவனியுங்கள். ஏசாவின் கண்ணீரைப் பிள்ளைகள் சுதந்தரிக்கவில்லை, கோபத்தை மாத்திரம் சுதந்தரித்தார்கள். இது அந்தக் காலத்துக் கதை அல்ல. நம்முடைய காலத்தில் ஐரோப்பாவில் நடந்ததைப் பாருங்கள்.

2. அறுநூறு வருஷத்துப் போர்க்களம்

யூகோஸ்லாவியா என்று ஒரு தேசம் இருந்தது. செர்பியர், குரோவேஷியர், போஸ்னிய முஸ்லிம்கள், அல்பேனியர் என்று பல ஜனங்கள் அதில் வாழ்ந்தார்கள். 1991ல் அது உடைய ஆரம்பித்தது. 1992 முதல் 1995 வரை போஸ்னியாவில் நடந்த யுத்தத்தில் மாத்திரம் சுமார் ஒரு லட்சம் பேர் மடிந்தார்கள்.

இதற்குப் பல காரணங்கள் உண்டு. பொருளாதாரக் கஷ்டம், கம்யூனிஸ்ட் ஆட்சியின் வீழ்ச்சி, தலைவர்களுடைய பதவி ஆசை. ஆனால் ஜனங்களின் இருதயத்தைக் கொளுத்த அவர்கள் எடுத்த தீக்குச்சி மிகவும் பழையது. 1389ல் கொசோவோ என்னும் சமவெளியில் செர்பிய பிரபு லாசர், துருக்கிய சுல்தான் முராதை எதிர்த்து யுத்தம் செய்தார். அன்று இருவருமே மாண்டார்கள். அந்த நாளை இன்றைய நாட்காட்டியில் ஜூன் 28 என்று செர்பியர் அனுசரிக்கிறார்கள். லாசர் பூமிக்குரிய ராஜ்யத்தை வேண்டாம் என்று தள்ளி, பரலோக ராஜ்யத்தைத் தெரிந்துகொண்டார் என்று பாட்டுக் கட்டிப் பாடினார்கள். தாத்தா பாட, பேரன் கேட்டான்.

ஆனால் அந்தப் பாட்டுகள் உரக்கச் சொல்லாத சில விஷயங்கள் சரித்திரத்தில் உண்டு. லாசரின் மகன் ஸ்தேபான், அதே துருக்கியருக்குக் கீழ்ப்பட்ட பிரபுவாகி, 1396ல் நிக்கோபோலிஸ் யுத்தத்தில் சுல்தானுடைய பக்கம் நின்று போர் செய்தார். லாசரின் மகள் ஒலிவேரா முராதின் மகனுக்கே மனைவியாகக் கொடுக்கப்பட்டாள். போஸ்னியாவின் ராஜா அனுப்பின படை அன்று லாசரின் பக்கத்தில்தான் நின்றது. செர்பிய அரசு முடிவாக விழுந்ததும் 1389ல் அல்ல, 1459ல்தான். இந்த எழுபது வருஷம் எங்கே போயிற்று? பாட்டில் அதற்கு இடமில்லை.

600 வருஷம் நிறைவானபோது லாசரின் எலும்புகளைச் செர்பியர் வாழும் ஊர்கள் வழியே பவனியாகக் கொண்டுபோனார்கள். 1989 ஜூன் 28 அன்று அதே போர்க்களத்தில் லட்சக்கணக்கான ஜனங்களுக்கு முன்பாக ஸ்லோபொதான் மிலோசெவிச் நின்று, மறுபடியும் நாம் போராட்டங்களில் இருக்கிறோம், ஆயுதப் போராட்டம் இன்னும் வரவில்லை, ஆனாலும் வராது என்று சொல்லமுடியாது என்ற கருத்தில் பேசினார். இரண்டே வருஷத்தில் அது வந்துவிட்டது.

3. காயம் பொய்யல்ல

இந்த இடத்தில் நாம் ஜாக்கிரதையாயிருக்கவேண்டும். "இதெல்லாம் கட்டுக்கதை, அந்த ஜனங்கள் முட்டாள்கள்" என்று சுலபமாகச் சொல்லிவிடக்கூடாது. வெறும் பொய்க்காக ஒருவனும் நெடுநாள் அழமாட்டான். செர்பியர் மெய்யாகவே பாடுபட்டார்கள். 1941 முதல் 1945 வரை ஹிட்லரின் ஆதரவோடு குரோவேஷியாவை ஆண்ட உஸ்தாஷா கூட்டத்தார் யாசெனோவாட்ஸ் என்ற இடத்தில் முகாம் அமைத்தார்கள். செர்பியர், யூதர், ரோமா ஜிப்ஸிகள், தங்களை எதிர்த்த குரோவேஷியர் என்று 77,000 முதல் 99,000 பேர் வரை அங்கே கொல்லப்பட்டதாக ஆராய்ச்சியாளர்கள் கணக்கிடுகிறார்கள். அதே காலத்தில் செட்னிக் என்ற செர்பியப் படையினர் கிழக்கு போஸ்னியாவில் முஸ்லிம் கிராமங்களை அழித்ததும் உண்மை.

யுத்தம் முடிந்தபின் ஆட்சிக்கு வந்த டிட்டோ, சகோதரத்துவம், ஒற்றுமை என்று முழங்கினார். யார் யாரைக் கொன்றார்கள் என்று பேசக்கூடாது. பிணங்கள் கிடந்த சில குழிகளின் வாயைக் கான்கிரீட் போட்டு மூடினார்கள். சீழை எடுக்காமல் கட்டுப் போட்டால் புண் என்னவாகும்? மேலே காய்ந்திருக்கும், உள்ளே புரையோடும். நாற்பத்தைந்து வருஷம் கழித்து, 1990-91ல், அந்தக் குழிகளைத் திறந்து எலும்புகளை எடுத்து அடக்கம்பண்ணினார்கள். அடக்கம்பண்ணினது தவறல்ல. அது செய்யவேண்டிய கடமைதான். ஆனால் அந்த எலும்புகளைக் காட்டி, பக்கத்து வீட்டுக்காரன் மேல் பயத்தையும் மூட்டினார்கள். செத்தவர்களின் எண்ணிக்கையிலும் சண்டை. யாசெனோவாட்ஸில் ஏழு லட்சம் என்றார்கள் ஒரு சாரார், முப்பது நாற்பது ஆயிரம்தான் என்றார்கள் மறு சாரார்.

4. சுமக்கிறவர்கள் செய்யும் மூன்று காரியங்கள்

1995 ஜூலை 11 அன்று ஸ்ரெப்ரெனிட்சா என்ற பட்டணம் செர்பியத் தளபதி ராட்கோ மிலாடிச்சின் கையில் விழுந்தது. ஐக்கிய நாடுகள் சபை, பாதுகாப்பான இடம் என்று அறிவித்திருந்த பட்டணம் அது. கேமரா முன்னால் நின்று அவர், இந்தப் பட்டணத்தைச் செர்பிய ஜனத்துக்குக் கொடுக்கிறோம், துருக்கியரைப் பழிவாங்கும் நேரம் வந்தது என்ற பொருளில் பேசினார். தொடர்ந்த நாட்களில் 8,000க்கும் அதிகமான போஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். அது இனப்படுகொலை என்று சர்வதேச நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன.

அந்த வார்த்தையைக் கவனித்தீர்களா? அங்கே துருக்கியர் எங்கே இருந்தார்கள்? இருந்தவர்கள் அதே பாஷை பேசின அண்டை வீட்டார். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். இதிலிருந்து மூன்று காரியங்களைக் கற்றுக்கொள்ளலாம்.

(அ) இடையில் உள்ள வருஷங்களை மறைக்கிறார்கள். சேர்ந்து வாழ்ந்த காலம், சம்பந்தம் கலந்த காலம், எல்லாம் கணக்கிலிருந்து போய்விடும். 1389ஐயும் 1995ஐயும் நேற்றும் இன்றுமாக ஒட்டிவிடுவார்கள்.

(ஆ) தங்கள் பிணங்களை மாத்திரம் எண்ணுகிறார்கள். பட்டதற்கு நோட்டு உண்டு, செய்ததற்கு நோட்டு இல்லை. கொசோவோவில் செர்பியரின் கையில் பாடுபட்ட அல்பேனியரில் ஒரு கூட்டத்தார், 2004 மார்ச்சில் அங்கிருந்த செர்பியரின் ஆலயங்களையும் வீடுகளையும் கொளுத்தினார்கள். பாடுபட்டவன் ஒருபோதும் பாடுபடுத்தமாட்டான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

(இ) செத்துப்போன சத்துருவின் பெயரை உயிரோடிருக்கிற அயலானுக்குச் சூட்டுகிறார்கள். இதுதான் எல்லாவற்றிலும் கொடியது. பிதாக்கள் காயைத் தின்ன, பிள்ளைகளின் பல் கூசுகிறது என்ற பழமொழியை இனிச் சொல்லவேண்டாம் என்று கர்த்தர் எசேக்கியேல் மூலம் கண்டித்தாரே, அதை இவர்கள் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள்.

இன்னொன்றையும் வேதனையோடு சொல்லவேண்டியிருக்கிறது. செர்பியர் ஆர்த்தடாக்ஸ் சபையார், குரோவேஷியர் கத்தோலிக்கர். இரு சாராரும் கிறிஸ்துவின் நாமம் தரித்தவர்கள். சிலுவை அவர்களுக்கு மன்னிப்பின் அடையாளமாய் இராமல், "நாங்களே சிலுவையில் அறையப்பட்ட ஜனம்" என்று சொல்லும் கொடியாக மாறிப்போயிற்று.

5. அப்படியானால் மறந்துவிடவேண்டுமா?

இல்லை. டிட்டோவின் வழியை நாம் பார்த்துவிட்டோம். வேதம் மறக்கச் சொல்லவில்லை, சரியாய் நினைக்கச் சொல்லுகிறது. எகிப்தில் பட்டதை நினை என்கிறார் கர்த்தர். எதற்காக? அந்நியனை ஒடுக்காதபடிக்கு (யாத். 23:9). அதுமட்டுமல்ல, அந்த எகிப்தியனையே அருவருக்கக்கூடாது, ஏதோமியனையும் அருவருக்கக்கூடாது என்று உபாகமம் 23:7ல் கட்டளை இருக்கிறது. அடுத்து தானியேலைப் பாருங்கள். பாபிலோனியன் எருசலேமை எரித்தான். புலம்ப எவ்வளவோ இருந்தது. ஆனால் 9ம் அதிகாரத்தில் அவர் எண்ணுவது பாபிலோனின் பாவத்தை அல்ல, தன் ஜனத்தின் பாவத்தையும் பிதாக்களின் அக்கிரமத்தையும். தான் நேரில் செய்யாததையும் "நாங்கள்" என்று சேர்த்தே அறிக்கையிடுகிறார்.

இது ஜெபஅறைக்கு மாத்திரம் உரிய காரியம் என்று நினைக்காதிருங்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் போலந்து தேசம் சுமார் அறுபது லட்சம் பேரை இழந்தது. அதில் பாதிப்பேர் யூதர். யுத்தம் முடிந்தபோது லட்சக்கணக்கான ஜெர்மானியர் போலந்துக்குக் கொடுக்கப்பட்ட பகுதிகளிலிருந்து துரத்தப்பட்டு வீடிழந்தார்கள். 1965 நவம்பர் 18 அன்று போலந்து நாட்டுக் கத்தோலிக்க பிஷப்புமார் ஜெர்மனி பிஷப்புமாருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். தங்கள் ஜனம் பட்டதையெல்லாம் ஒளிக்காமல் எழுதினார்கள். வீடிழந்த ஜெர்மானியரின் பாடுகளையும் எழுதினார்கள். கடைசியில், தாங்கள் மன்னிப்பதாகவும் தங்களுக்கும் மன்னிப்பு வேண்டுமென்றும் எழுதினார்கள். சொந்த அரசாங்கம் சீறிற்று. "நாம எதுக்கு மன்னிப்புக் கேட்கணும்?" என்று அநேக ஜனங்களும் கோபப்பட்டார்கள்.

ஐந்து வருஷம் கழித்து, 1970 டிசம்பர் 7 அன்று, மேற்கு ஜெர்மனியின் பிரதமர் வில்லி பிராண்ட் வார்சாவில் யூதர்களின் நினைவுச் சின்னத்துக்கு முன்பாக முழங்காலில் நின்றார். இவர் யார்? ஹிட்லரை எதிர்த்து, நாட்டை விட்டு ஓடி, நார்வேயிலும் சுவீடனிலும் அகதியாய் இருந்தவர். அவர் கையில் இரத்தமில்லை. ஆனாலும் தன் ஜனத்துக்காக முழங்கால் முடக்கினார். இரு தேசத்து எல்லை ஒப்பந்தம் அன்றே கையெழுத்தாகி, 1990ல் உறுதியாயிற்று. எல்லாம் தீர்ந்துபோயிற்று என்று சொல்லமாட்டேன். 2022ல்கூட போலந்து அரசாங்கம் யுத்த நஷ்டஈடு கேட்டது. ஆனால் காகிதத்தில் கேட்டது, பீரங்கியால் கேட்கவில்லை. அதுவே எவ்வளவு பெரிய வித்தியாசம்!

கொசோவோவில் இன்னும் அந்த வார்த்தை பிறக்கவில்லை. 2008ல் கொசோவோ தனி நாடாக அறிவித்துக்கொண்டதைச் செர்பியா இன்றுவரை ஏற்கவில்லை. மிலோசெவிச் ஹேக் நகரத்து நீதிமன்றத்துக்கு ஒப்புக்கொடுக்கப்பட்ட நாள் எது தெரியுமா? 2001 ஜூன் 28! எந்த நாளை மேடையாக்கினாரோ, அதே நாளில் கைதியாய்ப் போனார். நீதிமன்றம் குற்றவாளியைத் தண்டிக்கலாம், தண்டிக்கவும் வேண்டும். மிலாடிச்சுக்கு 2017ல் ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் பிள்ளைகளுக்கு எந்தக் கதையைச் சொல்லிக் கொடுப்பது என்பதை நீதிபதி தீர்மானிக்கமுடியாது. அது தகப்பன் கையிலும் தாயின் கையிலும் போதகன் கையிலும் இருக்கிறது.

6. நாம் செய்யவேண்டியது

பிரியமானவர்களே, தேசங்களுக்காக ஜெபிக்கும்போது "யுத்தம் நிற்கட்டும்" என்பதோடு நிறுத்தாதிருங்கள். தங்கள் பிதாக்களின் அக்கிரமத்தையும் சேர்த்துச் சொல்லும் தைரியமுள்ள தானியேல்களை அந்தத் தேசங்களில் எழுப்பும்படி ஜெபியுங்கள். பிள்ளைகளிடம் பழைய பாடுகளைச் சொல்லுங்கள், மறைக்கவேண்டாம். ஆனால் முழுவதும் சொல்லுங்கள். ஏசாவின் கோபத்தைச் சொன்னால், அவன் ஓடிவந்து கட்டிக்கொண்டதையும் சொல்லுங்கள்.

சிந்தித்துக் கலந்து பேச:

1. ஏசா சமாதானமானபின்பும் ஏதோம் ஏன் சமாதானமாகவில்லை?

2. பட்டதை நினைப்பதற்கும் பழியை நினைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை யாத். 23:9ஐ வைத்து விளக்குக.

3. நம் குடும்பத்தில், நம் ஜனத்தில், பாதி மட்டும் சொல்லப்படுகிற கதை எது? மீதிப் பாதியை யார் சொல்லுவது?

சமாதானத்தின் தேவன்தாமே நம் எல்லாரோடும் இருப்பாராக. ஆமென்.