அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி: சென்னைக்குப் போற டெல்டா பசங்களுக்கு ஒரு பாடம்

ஆஃபர் லெட்டர் வந்தாச்சா? வாழ்த்துகள்! இன்னும் கொஞ்ச மாசத்துல நம்மள்ல நிறைய பேர் உழவன் எக்ஸ்பிரஸ்ல பெட்டியோட ஏறப் போறோம். ஆப்டிட்யூட், கோடிங், இன்டர்வியூ எல்லாத்துக்கும் பயிற்சி எடுத்தோம். வீடு தேடுறதுக்கு மட்டும் யாரும் க்ளாஸ் எடுக்கல. அந்தப் பாடம்தான் இது.

முதல்ல ஒரு கணக்கு. சென்னையில பத்து மாச வாடகையை அட்வான்ஸா கேட்குறது பழைய வழக்கம். மாச வாடகை 12,000 ரூபாய்னு வச்சுக்குங்க, அட்வான்ஸ் 1,20,000. இப்போ அதை நம்ம ஊர்க் கணக்குல மாத்துங்க. 2025 செப்டம்பர்ல கொள்முதல் நிலையத்துல சாதா ரக நெல் குவிண்டால் 2,500 ரூபாய். 40 கிலோ சிப்பம் ஒண்ணு சரியா 1,000 ரூபாய் வரும். அப்போ அந்த அட்வான்ஸ் 120 சிப்பம் நெல். உரம், ஆள்கூலி, அறுவடை மெஷின் செலவு எதையும் இன்னும் கழிக்கல! நம்மள்ல பல பேருக்கு வீட்டுல கொடுக்கப் போற பணம் இதுதான். அது பத்திரமா திரும்பி வரணும்னா நாலு விஷயம் பாருங்க.

1. இடம்

லெட்டர்ல ‘சென்னை’ன்னு மட்டும் இருக்கும். சிறுசேரியும் சென்னைக் கணக்குதான், அம்பத்தூரும் சென்னைக் கணக்குதான். ரெண்டுக்கும் நடுவுல கிட்டத்தட்ட தஞ்சாவூர்-கும்பகோணம் தூரம். அதனால ஆபீஸ் எந்தக் கட்டடம்னு தெரிஞ்சுக்காம வீடு தேடாதீங்க. முதல் ரெண்டு வாரம் பிஜியிலயோ சொந்தக்காரங்க வீட்டுலயோ தங்கிக்கிட்டு நேர்ல தேடுறது நல்லது.

வாடகையை மட்டும் ஒப்பிடாதீங்க. வாடகை, மெயின்டெனன்ஸ், கரண்ட், போக்குவரத்து நாலையும் கூட்டிப் பாருங்க. எலக்ட்ரிக் ட்ரெய்ன் பாதையில ஆபீஸ்னா பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி சரிப்படும். சிறுசேரி பக்கம்னா படூர், கேளம்பாக்கம் பாருங்க. ‘மெட்ரோ பக்கத்துல’ன்னு விளம்பரம் பார்த்தா, அங்க ரயில் ஓடுதா, இல்ல தூண் மட்டும் நிக்குதான்னு ஒரு தடவை போய்ப் பாருங்க.

2. தண்ணி

இதுல நமக்குத்தான் அனுபவம் அதிகம். நம்ம ஊர்ல வீட்டை மேட்டுல கட்டி, பள்ளத்தை வயலுக்கு விட்டாங்க. தென்சென்னையில சதுப்பு நிலத்துலயும் ஏரிக்குள்ளயும்கூட வீடு வந்துடுச்சு. 2015 டிசம்பர் வெள்ளத்துலயும், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்பவும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கமெல்லாம் தண்ணி தேங்குச்சு. தாங்கல்னா சின்ன ஏரி. இடத்தோட பேர்ல ஏரி, தாங்கல்னு இருந்தா ரெண்டு கேள்வி கூடுதலா கேளுங்க.

ஓனர்கிட்ட கேட்காதீங்க. தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி, அயர்ன் வண்டி அக்கா இவங்ககிட்ட கேளுங்க: “2023ல இங்க எது வரைக்கும் தண்ணி நின்னுச்சு?” சுவத்துல கறைக்கோடு தெரியுதா, மீட்டர் பெட்டியை வழக்கத்தை விட உயரத்துல வச்சிருக்காங்களான்னு பாருங்க. தரைத்தளம் ரொம்ப மலிவா கிடைச்சா, ஏன் மலிவுன்னு யோசிங்க.

அடுத்தது கோடைக்காலம். 2019ல நகரத்துக்குத் தண்ணி தர்ற ஏரிகள் கிட்டத்தட்ட வத்திப்போச்சு. மெட்ரோ வாட்டர் வருதா, போர் தண்ணியா, லாரியா, லாரிக் காசு யார் தலையிலன்னு கேளுங்க. குழாயைத் திறந்து கையில சோப்பு போட்டுப் பாருங்க. நுரை வரலைன்னா அது உப்புத்தண்ணி.

3. ஆள்

வீட்டை நேர்ல பார்க்காம ‘டோக்கன்’ அனுப்பாதீங்க. “நான் வெளியூர்ல வேலையில இருக்கேன், க்யூஆர் ஸ்கேன் பண்ணுங்க, பணம் உங்களுக்கே திரும்பி வரும்”னு யாராவது சொன்னா போனை வச்சுடுங்க. பணம் வாங்குறதுக்கு யாரும் பின் நம்பர் போடத் தேவையில்லை.

காட்டுறவர் ஓனரான்னு பார்க்க, வீட்டுவரி ரசீது, கரண்ட் பில் ரெண்டுலயும் இருக்குற பேரை அவரோட அடையாள அட்டையோட ஒப்பிடுங்க. பதிவுத்துறை இணையதளத்துல வில்லங்கச் சான்றை இலவசமாவே பார்க்கலாம். யாராவது ‘மாச வாடகையே வேண்டாம், மொத்தமா லீஸுக்குக் கொடுங்க’ன்னு சொன்னா இதைப் பார்க்காம நகராதீங்க. வீடு பேங்க்ல அடமானத்துல இருந்து ஓனர் கடனைக் கட்டலைன்னா, பேங்க் வந்து நிக்கும்போது மாட்டுறது நம்ம பணம்.

கரண்டுக்குத் தனி மீட்டரான்னும் கேளுங்க. வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் இலவசம். ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவுன்னு தானே வசூலிச்சா அந்தச் சலுகை நம்மகிட்ட வந்து சேராது.

4. பத்திரம்

1960ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் இப்போ இல்ல. அதுக்குப் பதிலா வந்த 2017 தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22ல இருந்து நடைமுறையில இருக்கு. அதுல நமக்கு முக்கியமானவை:

ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரியிடம் பதிவாகணும். ‘11 மாசம்தானே, பதிவு வேண்டாம்’னு சொல்றது ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கான பத்திரப்பதிவை மனசுல வச்சு. இந்தச் சட்டத்துப்படி 11 மாச ஒப்பந்தத்தையும் பதியணும்.

ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதாத வரைக்கும் அட்வான்ஸ் மூணு மாச வாடகையைத் தாண்டக் கூடாது. கையெழுத்துப் போட்டுப் பத்து மாசம்னு ஒத்துக்கிட்டா அப்புறம் பேச முடியாது, அதனால பேரம் முன்னாடியே பேசணும். நம்ம கணக்குல 36 சிப்பத்துக்கும் 120 சிப்பத்துக்கும் உள்ள வித்தியாசம் இது.

வாடகை பாக்கின்னு மிரட்டித் தண்ணியையோ கரண்டையோ ஓனர் நிறுத்தக் கூடாது. ரிப்பேர், பார்வைன்னு வீட்டுக்குள்ள வரணும்னா 24 மணி நேரம் முன்னாடி சொல்லணும்.

பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பாங்க, காலி பண்ண எத்தனை மாசம் முன்னாடி சொல்லணும், வருஷத்துக்கு எவ்வளவு ஏத்துவாங்க, அட்வான்ஸ் எத்தனை நாள்ல திரும்பும், எல்லாமே எண்ணா எழுதியிருக்கணும். அட்வான்ஸைப் பேங்க் வழியா அனுப்புங்க. குடிபோற அன்னைக்கே சுவர், குழாய், பாத்ரூம்னு எல்லாத்தையும் போட்டோ எடுத்து ஓனருக்கும் அனுப்பி வைங்க.

வீடு பிடிச்சிருந்தாலும், புரோக்கர் “இன்னும் ரெண்டு பார்ட்டி வெயிட்டிங்”னு அவசரப்படுத்தினாலும் பதில் ஒண்ணுதான்: “வீட்டுல பேசிட்டு நாளைக்குச் சொல்றேங்க.”