மெக்சிகோவில் எந்தப் பகுதி?

கேள்வி: மெக்சிகோவுக்கு முதன்முறையாகச் செல்பவர், இரண்டு வார விடுமுறைக்கு எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: வடக்கே பாலைவனமும் நடுவே உயர்ந்த பீடபூமியும் தெற்கே மழைக்காடுமாக, ஏறத்தாழ 20 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ள மெக்சிகோவை ஒரே பயணத்தில் பார்த்துவிட முயல்பவர் பாதி நாட்களைப் போக்குவரத்திலேயே இழக்க நேரிடும் என்பதால், தலைநகருடன் மற்றொரு பகுதியை மட்டும் சேர்த்துக்கொள்வதே தக்கது.

கடலையும் மாயர்களின் தொல்நகரங்களையும் விரும்புவோருக்கு யுகடான் தீபகற்பம் பொருந்தும். சுண்ணாம்புப் பாறை உட்சரிந்து நிலத்தடி நீர் வெளிப்படும் ‘செனோட்டே’ என்னும் இயற்கைக் குளங்களும் அங்கு ஏராளம்.

ஆயினும், மக்கள் வாழ்வை நெருங்கி அறிய விழைவோருக்கு வஹாக்கா மாநிலமே மிகச் சிறந்தது. ஏறத்தாழ கி.மு. 500இல் ஸபோடெக் இனத்தவர் மலையுச்சியைச் சமன்செய்து எழுப்பத் தொடங்கிய மோன்தே அல்பான் நகரின் சிதைவுகள் அங்கு உள்ளன. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் தம் மொழியைப் பேசி, தியோதித்லான் தெல் வாயே என்னும் ஊரில் கம்பளம் நெய்கின்றனர். சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வளரும் கொச்சினீல் என்ற சிறு பூச்சியை உலர்த்தி, அம்மியை ஒத்த ‘மெதாதே’ கல்லில் அரைத்துச் செஞ்சாயம் எடுப்பதையும், அதில் எலுமிச்சைச் சாறு பட்டவுடன் நிறம் ஆரஞ்சை நோக்கி மாறுவதையும் நெசவாளர் வீட்டு முற்றத்திலேயே காணலாம். ஸ்பானியர் ஆட்சியில் வெள்ளிக்கு அடுத்தபடியாக மதிக்கப்பட்ட ஏற்றுமதிப் பொருள் இச்சாயமே.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். நவம்பர் 1, 2 தேதிகளில் மாண்டோரை வரவேற்கும் விழாவைக் காண விரும்புவோர் தங்குமிடத்தைப் பல மாதங்களுக்கு முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.