ஹார்பர்ஸ் ஃபெரி பாலம் வரை

அன்புள்ள அம்மிணிக்கு,

பெரியப்பா எழுதிக்கொள்வது. எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று நீ போனில் கேட்டபோது "அப்புறம் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன். பக்கத்தில் உன் பெரியம்மா இருந்தாள். ஐந்தாறு மாதம் நீ தனியாக மலையில் நடக்கப்போவதே அவளுக்கு ஜீரணமாகவில்லை. அதில் துப்பாக்கி வேறு என்றால் அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது. எனக்கும் ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. அதனால்தான் கடிதம்.

நீ சொன்னவை மூன்று: கிளாக் 43எக்ஸ், சிக் பி365, ஸ்மித் அண்ட் வெஸன் 642. மூன்றும் நல்ல சாமான்தான். முதல் இரண்டும் ஒல்லியான 9 மி.மீ. பிஸ்டல், பத்துத் தோட்டா பிடிக்கும். மூன்றாவது .38 ரிவால்வர்; ஐந்துதான். மாதக்கணக்கில் பைக்குள் கிடந்தாலும் ரிவால்வர் மக்கர் பண்ணாது என்பார்கள். ஆனால் குட்டைக் குழல், லேசான உடம்பு. சுட்டால் கையை உதறும், விசையும் கனம். உன் மணிக்கட்டுக்குப் பிஸ்டல்தான் சரி. தோட்டா நிரப்பினால் ரிவால்வர் சுமார் அரைக் கிலோ, பிஸ்டல் அதற்கும் மேல். பல் துலக்கும் பிரஷ்ஷின் பிடியைக்கூட வெட்டிப் பாரம் குறைக்கிறவள் நீ. கணக்கைப் போட்டுக்கொள்.

வாங்குவதும் வாங்காததும் உன் இஷ்டம். நான் கேட்பது ஒன்றே ஒன்று: உன் உடம்பில் இல்லாத நேரத்தில் அது எங்கே இருக்கும்?

உன் தாத்தாவிடம் படித்த பாடம் இது. தோட்டத்துச் சாளையில் பன்றி விரட்ட ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தாரே, அது. தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அவர் முதல் ஆளாகப் போய்க் கொடுத்துவிட்டு, ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார். நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும் துப்பாக்கி எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியும்.

உனக்குத் தெரியுமா? மூட்டையின் இடுப்பு வார் இறுகும் இடமும் துப்பாக்கி உறை இருக்கவேண்டிய இடமும் ஒன்றே. ஒன்று மற்றதை அறுக்கும். அப்போது மார்புக்கு முன்னால் ஒரு பையில் வைக்க வேண்டும்; மூட்டைக்குள் போட்டால் எடுப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். ராத்திரி மூன்று சுவர் குடிலில் முன்பின் தெரியாதவர்களோடு படுக்கை. வழியில் ஊருக்கு இறங்கித் தபாலில் வந்த சாப்பாட்டுப் பார்சலை வாங்கப் போவாய். தபால் நிலையத்துக்குள் துப்பாக்கி கொண்டுபோவது தடை. தேசியப் பூங்காக்களில் 2010 முதல் அந்தந்த மாநிலச் சட்டப்படி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கேயுள்ள மத்திய அரசுக் கட்டடங்களுக்குள் கூடாது. வெளியே சுவரில் சாய்த்து வைத்த மூட்டைக்குள் இருக்கும் துப்பாக்கி உன்னுடையதா, அந்த வழியாகப் போகிறவனுடையதா?

இதெல்லாம் சில்லறை. பெரிய விஷயம் சட்டம்.

நீ நடக்கப்போகும் பாதை ஸ்பிரிங்கர் மலையிலிருந்து கட்டாடின் வரை 3,500 கிலோமீட்டர், 14 மாநிலம். ஹார்பர்ஸ் ஃபெரி வரை பிரச்சினை இல்லை. அங்கே பொடோமேக் ஆற்றின் மேல் நடைபாலத்தைத் தாண்டினால் மேரிலாந்து. பாலத்தின் இந்த முனையில் நீ சட்டத்தை மதிக்கிறவள். அந்த முனையில் குற்றவாளி. மேரிலாந்து, நியூ ஜெர்சி, நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ் ஐந்துமே நம் ஜார்ஜியா உரிமத்தை ஏற்பதில்லை.

எனக்கு யாரும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. பாஸ்டன் கல்யாணத்துக்கு நான் போய்ச் சேராத கதையை உங்கப்பன் எப்படிச் சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். நடந்தது இதுதான். துப்பாக்கி விற்றவன் என்ன சொன்னான்? "லைசென்ஸ் இருக்கு, ஹைவேயில் எங்கேயும் போகலாம் சார்." நம்பினேன். 1986 மத்தியச் சட்டம் வழிப்பயணத்துக்கு இடம் கொடுக்கிறது. ஆனால் தோட்டா இல்லாமல், கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். அதை அவன் சொல்லவில்லை. நான் டேஷ்போர்டுப் பெட்டியில், தோட்டாவோடு வைத்திருந்தேன். நியூ ஜெர்சியில் பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்தினார்கள். ஆயுதம் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்று உண்மையைச் சொன்னேன். அந்த ராத்திரி லாக்கப். ஒரு வருஷம் வக்கீல் வீட்டு வாசல். தண்டனை இல்லாமல் முடிந்தது பெரியம்மாவின் நேர்த்திக்கடனால் என்று அவள் சொல்கிறாள். வக்கீல் வேறு சொன்னார். இன்றைக்கு அந்தக் குற்றம் உறுதியானால், 42 மாதம் பரோல் கிடையாது என்பது அங்கே சட்டம். விற்றவனுக்கு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கும் அதே கல்லாவில் உட்கார்ந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பான்.

நானோ காரில் கடந்துபோனவன். நீ இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்கப்போகிறவள். 1986 சட்டம் அதற்குக் கைகொடுக்காது.

கரடிக்கு என்றாயே. அந்தப் பாதையில் இருப்பது கருங்கரடி. அதற்கு வேண்டியது உன் சாப்பாட்டுப் பை. பிளட் மவுண்டன் பக்கம் மார்ச் முதல் ஜூன் 1 வரை தங்குவதற்கே கரடி திறக்க முடியாத டப்பா கட்டாயம். கரடி ஸ்ப்ரே வாங்கிக்கொள். அலாஸ்காவில் ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டதில், நூற்றுக்குத் தொண்ணூறு தடவையாவது அது கரடியை நிறுத்தியிருக்கிறது. ஆனால் நியூ ஜெர்சியில் முக்கால் அவுன்ஸ் மிளகு ஸ்ப்ரேக்கு மேல் கூடாது. உன்னை உண்மையிலேயே படுக்கையில் தள்ளக்கூடியது உண்ணி. காலுறைக்கும் பேன்ட்டுக்கும் பெர்மெத்ரின் அடி. மனுஷப் பயத்துக்கு நான் என்ன சொல்ல? பெண்ணைப் பெற்ற வீட்டுக்கு அது இல்லாமல் இருக்குமா? ஆனால் பாதையைப் பராமரிக்கும் கன்சர்வன்சிக்காரர்களே துப்பாக்கி வேண்டாம் என்கிறார்கள்.

ரொம்பப் பேசிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே கண்ணு. நம் வீட்டில் இத்தனை தூரம் நடக்கத் துணிந்தவர் யாரும் இல்லை. உன் அப்பத்தா இருந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லியிருப்பாள். நீ எது எடுத்துப் போனாலும் நீ என் பிள்ளைதான். துப்பாக்கிதான் என்று முடிவு செய்தால், என்னோடு சுடும் இடத்துக்கு நாலு சனிக்கிழமை வா. அதை ஹார்பர்ஸ் ஃபெரி வரை கொண்டுபோ. பார்சலில் போட்டு அனுப்பலாம் என்று நினைக்காதே. கைத்துப்பாக்கி ஸ்வெட்டர் மாதிரிப் போகாது. பாலத்துக்கு இந்தப் பக்கம் நான் வந்து நிற்கிறேன். பருப்புப்பொடியும் எள்ளுருண்டையும் பெரியம்மா கொடுத்துவிடுவாள். அதைக் கொடுத்துவிட்டு இதை வாங்கிக்கொள்கிறேன்.

பூட்டுப் பெட்டி இப்போதெல்லாம் என் கார் டிக்கியிலேயேதான் இருக்கிறது.

அன்புடன்,
பெரியப்பா