குதிரையின் குலமும் தாயின் மதிப்பும்

திருவாடானையினின்று கிழக்கு நோக்கிச் செல்லும் பாதை சில கல் தொலைவில் தொண்டிக் கடற்கரையிற் சென்று முடிகின்றது. கோடை விடுமுறையில் அப்பக்கம் சென்ற நாம், ஊர்ப்புறத்து ஐயனார் கோவில்களில் வரிசையாக நிற்கும் மண் குதிரைகளைக் கண்டு வியந்தோம். புரவியெடுப்பு விழாவின்பொருட்டு வேளார் வனைந்து சூளையிற் சுட்ட அக்குதிரைகள், நிமிர்ந்த கழுத்தும் விரிந்த மூக்குமாய் இப்பொழுதே பாயப்போவன போல் நிற்கின்றன. உயிர்க்குதிரையோ ஒன்றேனும் எம் கண்ணிற் படவில்லை. மண்ணிற் குதிரை செய்ய இத்துணை வல்லவரான நம் மக்கள், உயிர்க்குதிரை இனத்தை இக்கரையில் ஏன் வளர்த்திலர்? இவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

இதற்கு விடை தேடப் புகுந்த நாம், பாண்டியர் காலத்துக் குதிரை வாணிகத்தினின்று தொடங்கி, இக்காலத்து உயர்குலப் பந்தயக் குதிரைகளின் தாய்க்குதிரை விற்பனை வரையிற் செல்ல நேர்ந்தது. அங்கு யாம் கற்றதைச் சுருக்கமாக மாணவர்க்கு உரைப்போம்.

கடல் வழி வந்த குதிரைகள்

தமிழகத்திற்குக் குதிரைகள் கடல் வழியாக வந்தமையைப் பட்டினப்பாலையே கூறுகின்றது. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களிற் குதிரைச் செட்டிகள் என்போர் குறிக்கப்படுகின்றனர். பிற்காலப் பாண்டியர் நாளில் இவ்வாணிகம் உச்சநிலை அடைந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, ஓர்மூசு, கிசு, ஏடன் முதலிய துறைகளினின்று வணிகர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைக் கொணர்ந்து, ஒவ்வொன்றையும் நூறு மார்க்கு வெள்ளிக்கு மேற்பட்ட விலைக்கு விற்றனர் என்று எழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வசாபு, ஆண்டொன்றுக்கு 1,400 குதிரைகள் தருவதென ஓர் ஒப்பந்தம் இருந்ததென்றும், குதிரை ஒன்றின் விலை 220 பொற்காசு என்றும், வழியில் இறந்த குதிரைக்கும் பாண்டியன் விலை கொடுத்தான் என்றும் கூறுகின்றார்.

இவ்வளவு பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள் என்னவாயின? ஆண்டு முடிவதற்குள் அவற்றிற் பெரும்பாலன இறந்தன என்பது மார்க்கோ போலோவின் கூற்று. குதிரை பேணத் தெரிந்தவர் இங்கு இலர். குதிரை மருத்துவர் இந்நாட்டிற்குச் செல்லாதவாறு வணிகரே தடுத்தனர். மருத்துவர் வந்தால் விற்பனை குறையுமன்றோ! சோற்றையும் வேகவைத்த இறைச்சியையும் குதிரைக்கு ஊட்டினர் என்று அவர் கூற, வறுத்த வாற்கோதுமையையும் நெய்யிட்ட தானியத்தையும் காய்ச்சிய பசுவின் பாலையும் ஊட்டினர் என்று வசாபு கூறுகின்றார். புல்லுண்ணும் விலங்கிற்கு விருந்தினர் உணவு படைத்தாற்போலாயிற்று.

மார்க்கோ போலோ கூறிய இன்னொரு செய்தியே நம் ஆராய்ச்சிக்கு உயிர்நிலையாவது. இந்நாட்டில் உயர்ந்த பொலிகுதிரையை உயர்ந்த பெட்டைக்குதிரையோடு சேர்த்தாலும், பிறக்கும் குட்டி சிறுத்து, கால் கோணி, ஏறுதற்கு உதவாததாகும் என்றார் அவர். இது மண்ணின் குற்றமா, மக்களின் குற்றமா? இதனைப் பின்னர் ஆராய்வோம்.

கயிறு மாறுதல்

திருவாடானைக்கு வடக்கே உள்ளது ஆவுடையார்கோவில் என்னும் திருப்பெருந்துறை. அங்குள்ள தூண்களிற் குதிரையுருவங்கள் சிறந்து விளங்குகின்றன. குதிரை வாங்குமாறு பாண்டியன் அளித்த பொருளோடு கீழ்க்கடற்கரைக்கு வந்த மாணிக்கவாசகர், அப்பொருளை இறைபணியிற் செலவிட்டதும், இறைவனே குதிரை வணிகனாக வந்து பரிகளை ஒப்படைத்ததும், அன்றிரவே அவை நரிகளாக மாறியதும் திருவிளையாடற் கதையிற் கேட்டிருக்கின்றோம்.

அக்கதையின் சமயப் பொருள் வேறு. அதனுள்ளே அக்காலச் சந்தை வழக்கு ஒன்றும் பொதிந்துள்ளது. விற்றவன் கையினின்று வாங்கியவன் கைக்குக் கயிறு மாறிவிட்டால், விலங்கின் நன்மை தீமைகளுக்கு விற்றவன் பொறுப்பாளியல்லன் என்பதே அது. ஆகவே வாங்குவோன் கயிற்றைத் தொடுமுன் தன் கண்ணையே நம்ப வேண்டியிருந்தது. சுழி பார்த்தான், பல்லைப் பிடித்து வயதறிந்தான், நடையைக் கண்டான். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை மட்டும் அவனால் அறிய முடியவில்லை. அதுவே குதிரையின் குலம். அதன் தாய் யாது, அத்தாய் முன்னர் ஈன்ற குட்டிகள் எத்தகையன என்று சொல்லும் ஏடு எதுவும் அவனிடம் இல்லை.

அரேபியப் பாலைநிலத்து மக்களோ குதிரையின் குலத்தைத் தாய்வழியாகவே எண்ணினர். சிறந்த பெட்டைக்குதிரையை எளிதில் விற்கமாட்டார். அவர்கள் அதனை நினைவிலும் வாய்மொழியிலும் காத்தனர். அதனை அச்சேற்றியவர் ஆங்கிலேயர்.

குலவரிசை நூல்

இக்காலத்து உயர்குலப் பந்தயக் குதிரை, இங்கிலாந்தில் இருந்த பெட்டைக்குதிரைகளோடு கிழக்கு நாட்டுப் பொலிகுதிரைகள் சேர்ந்ததனால் உண்டான இனமாகும். தந்தைவழியில் இன்றைய குதிரைகள் யாவும் மூன்று முன்னோரையே சென்றடைகின்றன. அவை பயர்லி துருக்கி, 1704-ஆம் ஆண்டில் இங்கிலாந்து சேர்ந்த டார்லி அரபி, கொடால்பின் அரபி என்பன. இவற்றுள் டார்லி அரபியின் வழியே இன்று மிகப் பெரும்பான்மை. அவ்வழியில் 1764-இற் பிறந்த எக்லிப்சு என்னும் குதிரை ஓடிய ஓட்டம் எதிலும் தோற்றதில்லை.

1791-ஆம் ஆண்டில் சேம்சு வெதர்பி என்பார் இக்குதிரைகளின் பிறப்பு வரிசையைத் தொகுத்துப் பொதுக் குலநூலின் முன்னுரைத் தொகுதியை வெளியிட்டார். அதில் ஒவ்வொரு தாய்க்குதிரையின் பெயரின் கீழும், அது எந்த ஆண்டில், எந்தப் பொலிகுதிரைக்கு, எந்த நிறக் குட்டியை ஈன்றது என்பது எழுதப்பட்டது. நூலின் அமைப்பே தாயைத் தலைப்பாகக் கொண்டது என்பதை மாணவர் கருத்திற் கொள்க.

ஆத்திரேலியரான புரூசு லோ என்பார், 1895-இல் வெளிவந்த தம் நூலில், இத்தாய்வழிகளை மூலத்தாய் வரையிற் பின்னோக்கி ஆராய்ந்து, பெரும் பந்தயங்களில் அதிக வெற்றி தந்த வழிக்கு முதலெண்ணும், அடுத்ததற்கு இரண்டாமெண்ணுமாக வரிசையிட்டார். எண்ணாற் குதிரையின் வெற்றியை முன்னரே கூறிவிடலாம் என்ற அவர் கொள்கை இன்று ஏற்கப்படுவதில்லை. ஆயினும் அவர் இட்ட எண்கள் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டன. 2002-ஆம் ஆண்டில் அயர்லாந்து ஆராய்ச்சியாளர், தாய்வழியே மட்டும் இறங்கும் மரபணுவைச் சோதித்து, பழைய ஏடுகளிற் சில குடும்பங்களின் வரிசை பிழைபட்டிருந்ததைக் காட்டினர். எழுதுகோல் பிழைத்தாலும் உடல் பிழையாது சாட்சி கூறிற்று.

பட்டியலைப் படிக்கும் முறை

தாய்க்குதிரைகள் ஏலத்திற்கு வருங்கால் விற்பனைப் பட்டியல் அச்சிடப்படும். ஒரு குதிரைக்கு ஒரு பக்கம். அதன் மேற்பகுதியில் குலமரம் வரையப்பட்டிருக்கும். தந்தைவழி மேலேயும் தாய்வழி கீழேயும் அமையும். அதற்கடியில் முதல் தாய், இரண்டாம் தாய், மூன்றாம் தாய் என்ற தலைப்புக்களில், ஒவ்வொரு தாயும் ஈன்ற சிறந்த குட்டிகளின் வெற்றிகள் கூறப்படும். உயர்தரப் பந்தயங்களில் வென்றவற்றின் பெயர் தடித்த கரிய எழுத்தில் நிற்கும்.

இங்கு உடன்பிறப்பு என்பது தாயைக் கொண்டே எண்ணப்படும். புகழ்பெற்ற பொலிகுதிரைக்கு ஓராண்டில் நூற்றுக்கு மேற்பட்ட குட்டிகள் பிறக்கக்கூடும். அவற்றை எல்லாம் உடன்பிறந்தன என்றால் சொல்லுக்கு மதிப்பில்லை. தாயோ ஏறத்தாழ பதினொரு திங்கள் சுமந்து, ஆண்டுக்கு ஒரு குட்டியே ஈனும்.

படிப்போர் மூன்றினைக் கவனிக்க வேண்டும். முதலாவது, கரிய எழுத்து எந்தப் படியில் நிற்கின்றது என்பது. ஒரு குதிரைக்கு முதல் தாயின் பங்கு இரண்டில் ஒன்று. இரண்டாம் தாயின் பங்கு நான்கில் ஒன்று. மூன்றாம் தாய்க்கு எட்டில் ஒன்று. நான்காம் தாய்க்குப் பதினாறில் ஒன்று. அருகிலுள்ள இரு தாயரும் வெறுமையாயிருக்க, நான்காம் தாயின் பெருமையே பக்கத்தை நிரப்புமாயின், அது பாட்டனார் யானை ஏறிய தழும்பைப் பேரன் காட்டுவது போலாகும். இரண்டாவது, ஈனாத ஆண்டுகள். பன்னிரண்டு வயதுத் தாய்க்குதிரை எத்தனை முறை சேர்க்கப்பட்டது, எத்தனை முறை சினை தங்கிற்று, எத்தனை முறை கலைந்தது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். மூன்றாவது, இப்பொழுது சினையாயுள்ளதா, எந்தப் பொலிகுதிரைக்கு, எந்த நாளிற் சேர்க்கப்பட்டது என்பது. வடபாதி உலகில் இக்குதிரைகள் யாவற்றிற்கும் சனவரி முதல் நாளே பிறந்தநாளாகக் கொள்ளப்படுதலின், சனவரியிற் பிறந்த குட்டியும் மே மாதத்திற் பிறந்த குட்டியும் ஒரே வயதினவாக ஓட நேரும். இவ்வினத்திற் செயற்கைச் சினையூட்டல் ஒப்புக்கொள்ளப்படுவதில்லை என்பதையும் அறிக.

தாயின் பங்கு

தாய்க்கு இத்துணைச் சிறப்பு ஏன்? 1938-ஆம் ஆண்டில் கேம்பிரிட்சைச் சேர்ந்த வால்டன், ஆமண்டு என்னும் இருவர் ஓர் அரிய சோதனையை வெளியிட்டனர். மிகப் பெரிய சையர் இனத்தையும் மிகச் சிறிய செட்லாந்து மட்டக்குதிரை இனத்தையும் இருவகையாகவும் கலந்தனர். பெரிய தாய் ஈன்ற கலப்புக்குட்டி, சிறிய தாய் ஈன்ற கலப்புக்குட்டியைவிடப் பிறக்கும்போது ஏறத்தாழ மூன்று மடங்கு எடையுற்றிருந்தது. இரண்டிற்கும் கலந்த இனங்கள் அவையே. வேறுபட்டது கருவறை ஒன்றே.

கருவின் வளர்ச்சியிற் பெரும்பகுதி கடைசி மூன்று திங்களில் நிகழ்வது. அக்காலத்தில் தாய்க்குச் சுண்ணச்சத்தும் புரதமும் குறையுமாயின் குட்டி நலியும். தவிட்டை அளவின்றி ஊட்டினால் எலும்பிற்குரிய சத்துக்கள் நிலைகுலைந்து எலும்பு மெலியும் என்பதை இன்றைய கால்நடை மருத்துவம் நன்கறியும். பிறந்த சில மணி நேரத்திற்குள் சீம்பால் உண்ணாத குட்டிக்கு நோயெதிர்க்கும் ஆற்றல் இல்லை. ஏனெனில் குதிரையினத்தில் அவ்வாற்றல் கருவறை வழியே செல்வதில்லை.

இவற்றை நோக்குங்கால், மார்க்கோ போலோ கண்ட கோணற்காற் குட்டி, மண்ணின் சாபத்தாற் பிறந்ததன்று. பொருந்தா உணவாலும் பேணுதல் அறியாமையாலும் பிறந்தது என்று ஊகித்தல் தகும்.

குலம் சொல்வதும் சொல்லாததும்

இங்கிலாந்தில் 1837-இற் பிறந்த போகாஒண்டசு என்னும் பெட்டைக்குதிரை, தான் ஓடிய பந்தயங்களில் ஒன்றிலேனும் வென்றதில்லை. ஆயினும் அது ஈன்ற சுடாக்குவெல் 1852-இல் இரு பெரும் பந்தயங்களை வென்று, பின்னர்ப் பொலிகுதிரைகளின் பேரரசன் எனப் போற்றப்பட்டது. ரேட்டபிளான், கிங்குடாம் என்னும் மற்றிரு பிள்ளைகளும் புகழ்பெற்றன. தோற்றவள் எனத் தள்ளியிருந்தால் ஒரு குலமே மறைந்திருக்கும்.

மற்றொரு சான்று அமெரிக்காவிலுள்ளது. மை சார்மர் என்னும் தாய் ஈன்ற சியாட்டில் சுலூ என்னும் குட்டி 1975-இல் 17,500 டாலருக்கே விலைபோயிற்று; அது 1977-இல் அந்நாட்டின் முப்பெரும் பந்தயங்களையும் வென்றது. அப்புகழ் கண்டோர், அதே தாய் வேறொரு தந்தைக்கு ஈன்ற சியாட்டில் டான்சர் என்னும் குட்டியை 1985-இல் 1 கோடியே 31 இலட்சம் டாலருக்கு வாங்கினர். அது ஐந்து முறை ஓடி இரண்டில் வென்றதோடு அமைந்தது. ஒரே வயிற்றில் இரு பிறப்பு! குலவரிசை ஒரு சாட்சியேயன்றிச் சோதிடமன்று என்பதற்கு இதனின் வேறு விளக்கம் வேண்டா.

குதிரைக்குக் குலம் பார்க்கின்றோமே, மனிதர்க்கும் பார்த்தால் என்ன என்று எவரேனும் வினவலாம். குதிரையின் குலநூல், ஒவ்வொரு தலைமுறையையும் ஓடவிட்டுச் சோதித்து, தோல்வியையும் தோல்வியென்றே எழுதுகின்றது. தம் குலப்பெருமை பேசுவோர் அங்ஙனம் எழுதி வைத்த ஏடு யாண்டுளது? அன்றியும், மனிதன் ஒரே ஓட்டத்தின்பொருட்டுப் பெருக்கப்பட்ட விலங்கு அல்லன்.

நம் நாட்டில்

தென்னாட்டில் குதிரையினம் வளராது என்ற கூற்றும் பொய்யாயிற்று. மைசூர் நாட்டுக் குணிகலில் திப்பு சுல்தான் காலத்திலேயே குதிரைப் பண்ணை இருந்தது; பின்னர் அங்குப் பந்தயக் குதிரைகள் பிறந்தன. தமிழகத்தின் எல்லையிலுள்ள ஓசூரில் 1824-இற் படைக்குதிரைப் பண்ணை ஏற்பட்டது. புனாவில் 1946-இற் பூனாவாலா குடும்பத்தார் தொடங்கிய பண்ணை நாட்டின் சிறந்த பண்ணைகளுள் ஒன்றாக வளர்ந்தது. இந்தியக் குலநூல் புனாவிற் பேணப்படுகின்றது. குட்டியின் தாய் தந்தையர் இன்னார் என்பது மரபணுச் சோதனையால் உறுதி செய்யப்படுகின்றது. பந்தயத்திற் பணயம் வைத்துக் குடும்பம் கெடுத்தோரை நாம் அறிவோம். அப்பழக்கத்தை இங்குப் புகழ வந்தோமல்லோம். பண்ணையில் நிகழும் பொறுமையான உழைப்பே நாம் கற்கத் தக்கது.

முடிவாக, பாண்டியன் பொன்னுக்குக் குறைவில்லை. அவன் கரையில் துறைகளுக்குக் குறைவில்லை. இல்லாதன மூன்றே: பேணத் தெரிந்த கை, காக்கப்பட்ட தாய், உண்மை எழுதிய ஏடு. இம்மூன்றும் இல்லாமையால் ஆண்டுதோறும் பொன் கடலேறிற்று, குதிரை மண்ணேறிற்று. குதிரைக்கு மட்டுமன்று, வெளிநாட்டினின்று நாம் விலைக்கு வாங்கும் கருவிக்கும் கலைக்கும் இவ்வுண்மை பொருந்தும். வாங்குவோர் கயிற்றை மட்டுமே பெறுகின்றனர். வளர்ப்போரே குலத்தைப் பெறுகின்றனர். தொண்டிப் பாதையில் இனிச் செல்லும் மாணவர், ஐயனார் கோவில் மண்குதிரைகளின்முன் ஒரு கணம் நின்று இதனை நினைப்பாராக.