மூணு ஸ்ட்ரைக், நாலு பால்: காலேஜ் பேஸ்பால் பார்ப்பது எப்படி?



நம்ம காலேஜிலிருந்து ஒவ்வொரு வருஷமும் சிலர் எம்.எஸ். படிக்க அமெரிக்கா போறாங்க. ஆகஸ்டில் போய் இறங்கினால் முதல் செமஸ்டர் ஓட்டத்திலேயே போய்விடும். ரெண்டாவது செமஸ்டர், பிப்ரவரி மாசம். லேபில் கூட வேலை பார்க்கிற பையன் கேட்பான்: "சாயங்காலம் பேஸ்பால் மேட்ச் இருக்கு, வர்றியா?" நம்ம ஆள் சொல்ற பதில் பெரும்பாலும் இதுதான்: "எனக்கு அது புரியாது." கேட்டவன் மரியாதையா சிரிச்சிட்டுப் போயிடுவான். அடுத்த தடவை கேட்க மாட்டான். நம்ம ஆள் ரூமுக்குத் திரும்பி, லேப்டாப்பில் ஐ.பி.எல். பழைய மேட்ச் பார்த்துட்டுத் தூங்குவார்.

அந்தப் பதிலை மாற்றத்தான் இந்தப் பாடம். கிரிக்கெட் தெரிஞ்சவங்களுக்கு பேஸ்பாலில் பாதி ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதி வெறும் எண்ணிக்கை.

1. முதலில் எண்ணக் கத்துக்குங்க

ஒரு அணிக்கு 9 இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் 3 அவுட். அவ்வளவுதான், அடுத்த அணி பேட் பண்ண வரும். சொந்த மைதானத்து அணி வழக்கமாக இரண்டாவதாக பேட் செய்யும்.

பந்து எறிபவர் பிட்சர். அடிப்பவர் பேட்டர். அவர் முன்னால் தரையில் இருக்கும் ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம். அந்த அகலத்துக்குள், முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வரும் பந்தை அடிக்காமல் விட்டால் அது ஸ்ட்ரைக். பேட்டைச் சுற்றித் தவறவிட்டாலும் ஸ்ட்ரைக். அந்தப் பெட்டிக்கு வெளியே போன பந்தை விட்டுவிட்டால் அதற்குப் பேர் "பால்". நம்ம வைடு மாதிரின்னு வெச்சுக்குங்க.

மூணு ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் அவுட். நாலு பால் ஆனால் அவர் நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம். கோட்டுக்கு வெளியே அடித்தால் ஃபவுல். அதுவும் ஸ்ட்ரைக் கணக்குதான், ஆனால் சாதாரணமாக ஃபவுலால் மூணாவது ஸ்ட்ரைக் வராது. அதனால் நல்ல பேட்டர் ரெண்டு ஸ்ட்ரைக்குக்கு அப்புறம் கஷ்டமான பந்தை எல்லாம் ஃபவுலாகத் தட்டிவிட்டுக்கொண்டே இருப்பார். நம்ம ஊர் டெஸ்ட் மேட்ச் தடுப்பாட்டம் போல.

ஸ்கோர்போர்டில் "2-1" என்று இருந்தால் முதல் எண் பால், இரண்டாவது எண் ஸ்ட்ரைக். ஆட்டத்தின் உயிர் இந்த ரெண்டு எண்ணில்தான். 3-0 என்றால் பிட்சர் மாட்டிக்கிட்டார், கட்டாயம் நேராகப் போட்டாகணும். பேட்டர் பொறுமையாக நிற்பார். 0-2 என்றால் தலைகீழ்: பிட்சர் வேண்டுமென்றே வெளியே போட்டு ஆசை காட்டுவார். 3-2 வந்து, ரெண்டு அவுட்டும் ஆகி, எல்லா பேஸிலும் ஆள் இருந்தால்? பிட்சர் எறியத் தொடங்கியதுமே மூணு பேரும் ஓட ஆரம்பிப்பாங்க. அப்போ மொத்த கேலரியும் எழுந்து நிற்கும். காரணம் தெரிஞ்சு நீங்களும் கூடவே எழுந்தால், உங்களுக்கு பேஸ்பால் புரிய ஆரம்பிச்சாச்சு.

"ஒண்ணுமே நடக்கலையே"ன்னு முதல் நாள் தோணும். நாம பந்தை மட்டும் பார்க்கிறதால வர்ற பிரச்சினை அது. எண்ணிக்கையைப் பாருங்க. ஒவ்வொரு பந்துக்கும் நிலைமை மாறும்.

2. நம்ம சப்ஜெக்ட்: 0.42 விநாடியும் "டிங்" சத்தமும்

பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து ஹோம் பிளேட் வரை 60 அடி 6 அங்குலம், அதாவது 18.44 மீட்டர். கிரிக்கெட் பிட்ச் 20.12 மீட்டர். பிட்சர் முன்னால் காலை நீட்டி எறிவதால், கையை விட்டுப் பந்து கிளம்பும் இடம் இன்னும் நெருங்கி, சுமார் 16.8 மீட்டர் ஆகிவிடும். வேகம் மணிக்கு 90 மைல், அதாவது விநாடிக்கு சுமார் 40 மீட்டர். வகுத்துப் பாருங்க: 0.42 விநாடி. காற்றின் இழுவையைச் சேர்த்தால் கொஞ்சம் கூடும். அதற்குள் பார்த்து, முடிவெடுத்து, பேட்டைச் சுற்றி முடிக்கணும். பத்துக்கு மூணு தடவை ஹிட் அடிக்கிறவரை நல்ல பேட்டர்னு ஏன் கொண்டாடறாங்கன்னு இப்போ புரியும்.

இன்னொரு விஷயம் உங்க காதுக்கே தெரியும். தொழில்முறை பேஸ்பாலில் மர பேட்தான். காலேஜில் அலுமினியம் அல்லது கலப்புப் பொருள் பேட். அதனால்தான் அந்த "டிங்". உள்ளே வெற்றிடமான உலோகக் குழாயின் மெல்லிய சுவர் பந்து பட்டதும் உள்ளே அமுங்கி, ஸ்பிரிங் போலத் திரும்பித் தள்ளும். மர பேட்டில் சுவர் அமுங்காது, பந்துதான் நசுங்கும். நசுங்குவதில் ஆற்றல் வீணாகும். உலோக பேட்டில் பந்து அதிக வேகத்தில் திரும்பி வந்ததால், எதிரே நிற்கும் பிட்சருக்கே ஆபத்து. அதனால் 2011-இலிருந்து காலேஜ் பேட்டுகளுக்கு ஒரு உச்சவரம்பு வந்தது: பந்தும் பேட்டும் மோதும்போது மீள்குணகம் 0.50-ஐத் தாண்டக் கூடாது. முதல் வருஷ இயற்பியலில் ரெண்டு மார்க்குக்குப் படிச்ச அதே மீள்குணகம்தான்!

பேட் அடங்கியதும் ஹோம் ரன் குறைந்தது. ஆட்டம் சப்பென்று ஆகிவிட்டதாக எல்லாரும் புலம்பினாங்க. 2015-இல் பந்தின் தையலைத் தாழ்த்தினார்கள். மேடு குறைந்தால் காற்றின் இழுவை குறையும். ஒரே மாதிரி அடித்தாலும் பந்து சுமார் 20 அடி கூடுதலாகப் போனது. ஒரு தையலின் உயரம் ஒரு விளையாட்டையே மாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிளாஸில் கிடைக்காது.

3. எப்போ, எங்கே உட்காரலாம்?

சீசன் பிப்ரவரி நடுவில் ஆரம்பிக்கும். வாரக் கடைசியில் ஒரே எதிரணியோடு வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூணு மேட்ச். பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் அணியின் சிறந்த பிட்சர் வருவார். செவ்வாய் அல்லது புதன் ஒரு தனி மேட்ச் இருக்கும். கூட்டம் குறைவு, சீட் தாராளம். முதல் தடவை போகிறவர்களுக்கு செவ்வாய்க்கிழமைதான் என் பரிந்துரை. பக்கத்தில் இருப்பவரிடம் கேள்வி கேட்க நிறைய நேரம் கிடைக்கும்.

பல பல்கலைக்கழகங்களில் மாணவர் அடையாள அட்டை இருந்தால் இலவசம் அல்லது குறைந்த கட்டணம். சில இடங்களில் முன்கூட்டியே ஆன்லைனில் டிக்கெட் எடுக்கணும். பை விஷயத்தில் கவனம்: உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பை மட்டுமே பல மைதானங்களில் அனுமதி. பிப்ரவரி மாலையில் இரும்பு பெஞ்ச் ஐஸ் மாதிரி இருக்கும், ஜாக்கெட் மறக்காதீங்க. பிட்சிங் புரியணும்னா ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உட்காருங்க. வலை இல்லாத பக்கவாட்டு சீட்டில் உட்கார்ந்தால் பந்து எறியும்போது மட்டும் போனைப் பார்க்காதீங்க. ஃபவுல் பந்து நேராக முகத்துக்கு வரும்.

4. கேலரிக்கும் சிலபஸ் உண்டு

மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கும் ஸ்டார்க்வில் ஒரு சின்ன ஊர். அங்கே டூடி நோபிள் ஃபீல்டு என்று ஒரு மைதானம். 1960-களில் மாணவர்களும் ரசிகர்களும் இடது பக்க வேலிக்கு வெளியே தங்கள் டிரக்குகளை நிறுத்தி, அதன் மேல் ஏறி உட்கார்ந்து, இறைச்சி சுட்டுச் சாப்பிட்டபடி ஆட்டம் பார்த்தாங்க. அதுவே "லெஃப்ட் ஃபீல்டு லவுஞ்ச்" என்று பெயர் பெற்று, இன்றைக்கு மைதானத்தின் நிரந்தரப் பகுதி ஆகிவிட்டது. 2023 ஏப்ரல் 15 அன்று, பக்கத்துப் போட்டியாளரான ஓல் மிஸ் அணியுடனான ஆட்டத்துக்கு அங்கே வந்தவர்கள் 16,423 பேர். காலேஜ் வளாகத்து மைதானங்களில் அது சாதனை.

டெக்சாஸ் ஏ அண்ட் எம்-இல் வேறு வழக்கம். எதிரணி பிட்சர் நாலு பால் போட்டு ஒருவரை நடக்கவிட்டால், அடுத்த பந்தும் பால் ஆனதும் கூட்டம் "ஐந்தாவது பால்!" என்று கத்தும். அடுத்ததும் பால் என்றால் "ஆறாவது பால்!" அவர் ஒரு ஸ்ட்ரைக் போடும்வரை விடமாட்டாங்க. தங்கள் அணி ரன் எடுத்தால் சோப்பு நுரைக் குமிழி ஊதுவாங்க. உங்களுக்கு ஆட்டம் முழுசாகத் தெரியாவிட்டாலும் எண்ணத் தெரிஞ்சால் அந்தக் கோரஸில் சேரலாம். எண்ண ஆரம்பிச்ச அரை மணி நேரத்தில் பக்கத்து சீட்காரர் உங்க பேரைக் கேட்பார்.

5. மைதானத்தில் நிற்பவன் உங்க கிளாஸ்மேட்

இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்க. நீங்க டி.வி.யில் பார்க்கும் வீரர்கள் கோடீஸ்வரர்கள். இங்கே நிற்பவர்களில் பலரும் திங்கட்கிழமை காலை உங்களைப் போலவே கிளாஸுக்கு வரவேண்டியவர்கள். நான்கு வருஷக் கல்லூரியில் சேர்ந்த வீரர், மூணாவது வருஷம் முடியும்வரை அல்லது 21 வயது ஆகும்வரை தொழில்முறைத் தேர்வுக்கு வர முடியாது. அந்தத் தேர்வில் இப்போது 20 சுற்றுகள்தான். டிவிஷன் 1-இல் மட்டுமே சுமார் 300 காலேஜ் அணிகள். நம்ம கேம்பஸ் பிளேஸ்மென்ட்டைவிட நெருக்கடி.

உதவித்தொகையும் நாம் நினைப்பது போல் இல்லை. 2024-25 கல்வியாண்டு வரை ஓர் அணிக்கு 11.7 முழு உதவித்தொகைக்குச் சமமான தொகைதான் வரம்பு. அதைத்தான் அணிக்குள் பலருக்குப் பிரிக்கணும். பாதி, கால் என்று வாங்கி, மீதியைக் கடனாகவோ வீட்டுக் காசாகவோ கட்டினவங்க ஏராளம். 2025-26 முதல் விதி மாறி, பல அணிகளில் 34 பேர் வரம்பு வந்திருக்கிறது. உதவித்தொகைக்கு வழி அகலமானது, அணியில் இடம் குறுகியது.

அதனால் கத்துங்க, தாராளமாகக் கத்துங்க. ஆனால் ஆட்டத்தைப் பற்றிக் கத்துங்க. சிலர் எதிரணிப் பையனின் இன்ஸ்டாகிராமைத் தேடி, அவன் அம்மா பேரையும் காதலி பேரையும் சொல்லிக் கிண்டல் பண்ணுவாங்க. அதில் சேராதீங்க. வேற்று ஊரில் தனியாக நிற்பது எப்படி இருக்கும்னு அந்த கேலரியில் யாரைவிடவும் உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்.

6. வீட்டுப் பாடம்

முதல் மேட்சுக்கு ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துட்டுப் போங்க. ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாவது பேஸ் 4, மூன்றாவது பேஸ் 5, ஷார்ட் ஸ்டாப் 6, வெளி மைதானம் இடமிருந்து வலமாக 7, 8, 9. பந்து ஷார்ட் ஸ்டாப்பிடமிருந்து இரண்டாவது பேஸுக்கும், அங்கிருந்து முதல் பேஸுக்கும் போய் ரெண்டு பேர் அவுட் ஆனால் "6-4-3" என்று எழுதணும். மூணு ஸ்ட்ரைக் அவுட்டுக்கு ஆங்கில எழுத்து "கே". பேட்டர் சும்மா நின்று பார்த்தபடி அவுட்டானால் அந்த எழுத்தைத் திருப்பிப் போடணும்.

எல்லாரையும் எழுத வேண்டாம். ஒரே ஒரு பேட்டரைத் தேர்ந்தெடுங்க. ஒரு மேட்சில் அவர் நாலு தடவை வருவார். ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை எப்படி நகர்ந்தது, எந்த எண்ணிக்கையில் அடித்தார்னு மட்டும் குறிச்சுக்குங்க. முதல் தடவை ஏமாந்த அதே பந்தை நாலாவது தடவை அவர் விட்டுவிட்டால், அதை நீங்களும் கவனித்தால், அன்றைய பாடம் முடிஞ்சது.

ஜூனில் 64 அணிகள் எட்டாகக் குறைந்து, நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரில் இறுதிக் கட்டம் நடக்கும். 1950-இலிருந்து ஒவ்வொரு முறையும் அதே ஊர்தான். 2021-இல் மிசிசிப்பி ஸ்டேட் அங்கே ஜெயித்தபோது, எந்த அணி விளையாட்டிலும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அதுதான் முதல் தேசியப் பட்டம். செவ்வாய்க்கிழமை குளிரில் பாதி காலி கேலரியில் உட்கார்ந்து எண்ணியவர்களும் அந்த ராத்திரி ஊரோடு சேர்ந்து கொண்டாடினாங்க.

அடுத்த பிப்ரவரியில் யாராவது "வர்றியா?"ன்னு கேட்டால், என்ன சொல்லணும்னு தெரியும்தானே? "வர்றேன். ஆனா ஹோம் பிளேட்டுக்குப் பின்னாடி சீட் பிடி."