நான்கு முறை பூத்த குறிஞ்சி

மலையும் மலை சார்ந்த நிலமும் குறிஞ்சி எனப்படும். அந்நிலத்துக்குப் பெயர் தந்த நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே பூக்கும். பூத்து விதை ஈன்றபின் செடி பட்டுப்போகும். உதிர்ந்த விதைகளிலிருந்து முளைக்கும் புதிய செடிகள் மீண்டும் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்கும். மூணாற்றை அடுத்த இரவிகுளம் மலைச்சரிவுகளில் அது 1982, 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்தது. இம்மலைகளில் வாழும் முதுவர் முதலிய பழங்குடியினர், குறிஞ்சி எத்தனை முறை பூத்தது என எண்ணியே வயதைக் கணக்கிட்டனர் என்பர்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் பணிக்காலத்தையும் இக்கணக்கால் அளக்கலாம். 1964இல் மூணாற்றுத் தோட்டமொன்றில் பிறந்த பெண் ஒருவரை எண்ணிக்கொள்க. அவருடைய பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போடிநாயக்கனூர் வழியாக மலையேறி வந்தவர். 1982இல் குறிஞ்சி பூத்தபோது அப்பெண்ணுக்கு வயது 18. அவ்வாண்டே கொழுந்து கிள்ளும் வேலைக்குப் பெயர் கொடுத்தார். 1994இல் மீண்டும் பூத்தபோது வயது 30. தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில் கைக்குழந்தையை விட்டுவிட்டு மலையேறிக்கொண்டிருந்தார். 2006இல் வயது 42. முன்பு கையால் கிள்ளியவர் இப்போது கத்திரி பிடித்து வெட்டவும் பழகியிருந்தார். மூத்த மகளுக்கு மணமாகியிருந்தது. 2018இல் வயது 54. அந்த ஆகஸ்டு மாதத்தில் பெருவெள்ளம் கேரளத்தை உலுக்கியது. மழை ஓய்ந்த பிறகே மலை நீலமாயிற்று. மேலும் நான்கு ஆண்டுகள் சென்றன. 58 வயது நிறைந்து, 2022இல் ஓய்வு பெற்றார்.

நாற்பது ஆண்டுகள் எங்கே போயின என்று அவர் வியப்பது இயல்பே. விடியுமுன் எழுதல், அடுப்பு மூட்டல், பெயர் பதிவு, மூடுபனி, அட்டைக்கடி, கொழுந்து எடை, மாலையில் விறகு. ஒன்றுபோலவே கழியும் நாள்கள் மனத்தில் தனித்தனியே பதிவதில்லை. வாழும்போது நீண்டதாகத் தோன்றிய ஒவ்வொரு நாளும், திரும்பிப் பார்க்கும்போது ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்கிவிடுகிறது. மனத்தில் நிற்பவை மகப்பேறு, மரணம், வெள்ளம், திருவிழா, குறிஞ்சி பூத்த ஆண்டு முதலியனவே.

2015ஆம் ஆண்டும் அவ்வாறு நினைவில் நிற்கும். அவ்வாண்டு செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் 20 விழுக்காடு போனஸ் கேட்டுச் சாலையில் அமர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுத் தாமே தலைமையேற்ற அவ்வமைப்பு 'பெம்பிளை ஒருமை' எனப் பெயர் பெற்றது. அதன்பின் நடந்த பேச்சுவார்த்தைகளில் 232 ரூபாயாக இருந்த நாட்கூலி 301 ரூபாயாக உயர்ந்தது. உயர்வு 69 ரூபாய்தானே என்று தோன்றலாம். ஆனால் ஓய்வுக்காலக் கணக்கைப் பார்த்தால் அதன் முழு மதிப்பும் விளங்கும்.

நீண்டநாள் உழைத்து ஓய்வு பெறுவோர்க்குத் தரப்படும் தொகை பணிக்கொடை. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் கூலி கணக்கிடப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு 600 நாள் கூலி. மாதத்துக்கு 26 வேலைநாள் எனக் கொண்டால், நாற்பது ஆண்டு உழைப்புக்குக் கிடைப்பது ஏறத்தாழ 23 மாதக் கூலி. ஆனால் அது பணியின் இறுதியில் பெற்ற கூலியை வைத்தே கணக்கிடப்படும். ஆகவே நாட்கூலி 69 ரூபாய் உயர்ந்தால் பணிக்கொடை 41,400 ரூபாய் உயரும். சாலையில் அமர்ந்த பெண்கள், தாம் அதற்கு முன்பு உழைத்து முடித்த ஆண்டுகளின் மதிப்பையும் சேர்த்தே உயர்த்தினர். இதனை எடுத்துச் சொன்னவர் மிகச் சிலரே. பணிக்கொடை தவிர, 1995இல் தொடங்கிய ஊழியர் ஓய்வூதியத் திட்டமும் உண்டு. 2014 முதல் அதன் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1000 ரூபாய்.

பணத்தினும் பெரிய கவலை வீடு. தோட்டத்து லயம் வேலை செய்வோர்க்கு உரியது. வேலை முடிந்தால் வீட்டையும் ஒப்படைக்க வேண்டும். பிறந்த வீடும் வாழ்ந்த வீடும் லயமாகவே இருந்த ஒருவர்க்கு, 58ஆம் வயதில் "இனி எங்கே?" என்னும் வினா எழுகிறது. 'ஊர்' என்று அவர் சொல்வது பாட்டனாரின் ஊரை. அங்கே அவர் கோயில் கொடைக்கு நான்கைந்து முறை சென்றிருக்கலாம். அங்கு நிலம் இல்லை. குடும்ப அட்டையும் வாக்குரிமையும் கேரளத்தில். நெல்லியாம்பதித் தோட்டங்களில் முதுமை அடைந்தோர்க்கும் இவ்வினா புதிதன்று. இதனால் பல குடும்பங்களில், படித்த பிள்ளைகளுள் ஒருவர் வீட்டைக் காப்பதற்காகவே தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்கிறார். ஓர் அறைக்கும் ஒரு சமையற்கட்டுக்கும் அவர் தரும் விலை மிகப் பெரிது.

குறிஞ்சி மீண்டும் பூக்க வேண்டிய ஆண்டு 2030. அப்போது அப்பெண்மணிக்கு வயது 66. மகன் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தால், லயத்தின் வாசலிலிருந்தே எதிர்மலை நீலமாவதைக் காண்பார். அவன் கோயம்புத்தூரில் வேலை தேடிக்கொண்டிருந்தால், ஊரிலிருந்து தேனிக்கு வந்து, போடிமெட்டு வழியாகப் பேருந்தில் மலையேற வேண்டும்.

சொற்பொருள்
லயம் – தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு
பணிக்கொடை – ஓய்வின்போது மொத்தமாகப் பெறும் தொகை
கோயில் கொடை – தென்மாவட்டக் கோயில் திருவிழா

பயிற்சி
1. 30 ஆண்டுகள் பணியாற்றிய ஒருவர்க்கு எத்தனை நாள் கூலி பணிக்கொடையாகும்?
2. 'ஊர்' என்னும் சொல்லை உங்கள் வீட்டார் எப்பொருளில் வழங்குகின்றனர்? ஐந்து தொடர்களில் எழுதுக.
3. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், குறிஞ்சி பூத்த நான்கு ஆண்டுகளிலும் அவர் எங்கு இருந்தார், என்ன செய்தார் எனக் கேட்டு எழுதுக.